தகரமா, ஃபைபரா? ஒரு பி.காம் மாணவனின் எஞ்சின் கணக்கு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்கல் கிடையாது. பி.காம் இறுதியாண்டு. டெபிட், கிரெடிட் தெரியும், பிரேக் ஈவன் பாயிண்ட் தெரியும். சிலிண்டர் ஹெட் என்றால் என்னவென்று போன வருடம்தான் தெரிந்துகொண்டேன். அதனால் "உனக்கு எதுக்குடா இந்த வேலை" என்று எங்கள் ஹாஸ்டல் மெக்கானிக்கல் கோஷ்டி கேட்கும் முன்னால் நானே என்னைக் கேட்டுக்கொண்டுவிட்டேன். பதில் சுலபம். வேலை சொன்னது எங்கள் அண்ணன்.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்போது குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில். அவரிடம் 1967 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று இருக்கிறது. அண்ணி அதை "உங்க மூத்த புள்ள" என்றுதான் சொல்வார். அதன் பழைய எஞ்சின் போய்விட்டது. ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் வேனிலிருந்து கழற்றிய 2 லிட்டர் 'டைப் 4' எஞ்சின் கைக்குக் கிடைத்திருக்கிறது. அதை பீட்டிலில் ஏற்ற வேண்டும். ஒருநாள் ராத்திரி போன்.

"டேய் தம்பி, நீ காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிறல்ல? ஒரு கணக்கு போட்டுக் குடு. எஞ்சினச் சுத்தி மாட்டுற சாமானெல்லாம் தகரத்துல போகலாமா, ஃபைபர்ல போகலாமா?"

நானும் பெரிய ஆடிட்டர் மாதிரி எக்ஸெல்லைத் திறந்தேன். அந்தக் கணக்கு எப்படி ஊற்றிக்கொண்டது, இப்போது என் கருத்து என்ன என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோடு உட்காரவும்.

பீட்டில் பற்றித் தெரியாதவர்களுக்காக நாலு வரி. அதில் எஞ்சின் பின்னால், நம்ம ஊர் கார்களில் டிக்கி இருக்கும் இடத்தில். ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கிடையாது. காற்றுதான் எஞ்சினைக் குளிர வைக்கிறது. "அட, நம்ம பைக் மாதிரி" என்று நினைத்தால் அதுதான் முதல் தப்பு. (நானும் அப்படித்தான் நினைத்தேன்.) பைக் எஞ்சின் வெளியே காற்றில் நீட்டிக்கொண்டு ஓடுகிறது. பீட்டில் எஞ்சின் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதனால் அதற்கு ஒரு ஃபேன் வேண்டும். பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கீற்றுகள் வழியாக வரும் காற்றை இந்த ஃபேன் இழுத்து, ஒரு கூட்டுக்குள் அடித்து, நாலு சிலிண்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கூட்டுக்கு ஷ்ரௌட் என்று பெயர்.

சிலிண்டரைத் தடவிச் சூடான காற்று கீழே இறங்கி வண்டிக்கு அடியில் வெளியே போய்விட வேண்டும். திரும்ப மேலே வரக் கூடாது. வந்தால் ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே மறுபடி இழுத்து எஞ்சினுக்கு ஊதும். அதைத் தடுக்கத்தான் எஞ்சினைச் சுற்றி நாலு பக்கமும் தகடுகள், தகடு முடிகிற இடத்தில் ரப்பர் பட்டை. மேலே குளிர்ந்த காற்று அறை, கீழே சூட்டு அறை, நடுவில் தகடுதான் சுவர். பழைய கார்க்காரர்கள் நிறைய பேர் இதைத் தூசி தடுக்கும் மூடி என்று நினைத்துக் கழற்றி வீசிவிடுகிறார்களாம். அப்புறம் எஞ்சின் கொதிக்கிறது என்று அழுவார்களாம். தண்ணீர் எஞ்சினில் ரேடியேட்டர் எப்படியோ, இதில் இந்தத் தகடு அப்படி.

இப்போது டைப் 4. 1968ல் ஃபோக்ஸ்வேகன் 411 என்ற காருக்காக வந்த எஞ்சின் இது. பீட்டில் எஞ்சினின் உடம்பு மெக்னீசியக் கலவை, இதனுடையது அலுமினியம். 1.7 லிட்டரில் தொடங்கி 1.8, 2.0 வரை வளர்ந்தது. போர்ஷே 914க்கும் போனது, ஃபோக்ஸ்வேகன் வேனுக்கும் போனது. பீட்டில்காரர்களுக்கு இதன் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு, ஏனென்றால் திடமான சாமான்.

சிக்கல் என்னவென்றால் இதன் ஃபேன் மேலே இல்லை. கிராங்க் ஷாஃப்டின் முனையிலேயே மாட்டியிருக்கும். எஞ்சின் உயரம் குறைய வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். பீட்டிலுக்குள் அப்படியே தள்ளினால் ஃபேன் கூடு பின்னால் முட்டும், பாடியின் பின்பகுதியை வெட்ட வேண்டி வரும். வெட்ட மனசு வராதவர்கள் அந்த ஃபேனைக் கழற்றிவிட்டு பீட்டில் பாணியில் மேலே ஒரு ஃபேன், ஒரு ஷ்ரௌட் வைக்கிறார்கள். 'அப்ரைட் கன்வர்ஷன்' என்கிறார்கள் இதை. பீட்டில் ஷ்ரௌட் அப்படியே உட்காராது, சிலிண்டர் இடைவெளி வேறு. ஆக, இரண்டு வழி. பீட்டிலின் தகர ஷ்ரௌடை வெட்டி, அகலப்படுத்தி, வெல்டு வைப்பது ஒன்று. இந்த எஞ்சினுக்கென்றே அச்சில் வார்த்த ஃபைபர் ஷ்ரௌட் வாங்குவது இன்னொன்று. அதற்குக் கீழே வரும் தகடுகளுக்கும் இதே கேள்வி.

என் எக்ஸெல் என்ன சொன்னது? எல்லாமே ஃபைபர் என்றது. காரணம் எளிது. தகரத்தை வெட்டி ஒட்ட கலிஃபோர்னியாவில் ஒரு ஆளைப் பிடித்தால் மணிக்கூலியே முழுங்கிவிடும். ஃபைபர் ஷ்ரௌட் ரெடிமேடாகக் கிடைக்கிறது. மற்ற தகடுகளை அண்ணனே வீட்டில் செய்துகொள்ளலாம். நாகப்பட்டினத்துக்காரனுக்கு ஃபைபர் போடத் தெரியாதா? 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரம் இருந்த இடமெல்லாம் ஃபைபர் போட் வந்துவிட்டது. மேட் விரித்து, ரெசினில் ஹார்டனர் கலந்து, பிரஷ்ஷால் அடித்துக் காய வைப்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். பெரியப்பாவின் போட்டுக்கு ஒட்டு போட்டுப் பழகிய கை அண்ணனுடையது.

கூலி என்ற வரிசையில் பூஜ்யம். பிறகென்ன, ஃபைபர் ஜெயித்தது. நானும் கீழே கோடு போட்டு 'பரிந்துரை' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அண்ணன் ஷ்ரௌடை வாங்கினார். பின்தகட்டை மட்டும் அவரே அச்சு எடுத்து ஃபைபரில் செய்தார். போட்டோ அனுப்பினார், அவ்வளவு அழகு, கருப்பு பளபளவென்று. பீட்டிலில் இந்தப் பின்தகடு எங்கே இருக்கிறது தெரியுமா? சைலன்சருக்கு நேர் மேலே.

மூன்றாவது வாரம் குளிர் காலையில் மகளை ஸ்கூலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் இருந்த குழந்தை "அப்பா, பெயிண்ட் வாசன வருது" என்றிருக்கிறாள். இவர் முதலில் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் ஓரம் கட்டி மூடியைத் திறந்து பார்த்தால் பின்தகடு நடுவில் பப்படம் மாதிரி வளைந்து தொங்குகிறது. ஓரம் பழுப்பாகிவிட்டது. ரப்பர் பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி.

இது வெறும் வாசனைப் பிரச்சினை இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. பீட்டிலின் ஹீட்டர் தனிச் சாதனம் இல்லை. அதே ஃபேன் அடிக்கும் காற்றில் ஒரு பங்குதான் எக்ஸாஸ்ட்டைச் சுற்றியிருக்கும் கூடுகள் வழியாகச் சூடேறி காருக்குள் போகிறது. அந்த ஃபேன் காற்றை எங்கிருந்து எடுக்கிறது? எஞ்சின் அறையிலிருந்து. அதாவது எஞ்சின் அறையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் உள்ளே இருப்பவர்கள் மூச்சு விடுகிறார்கள். அன்றைக்கு ரெசின் வாசனை வந்தது, நல்லவேளை வாசனையாவது வந்தது. அந்த இடைவெளி வழியாக சைலன்சர் பக்கத்துப் புகை மேலே ஏறியிருந்தால்? கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

என் எக்ஸெல்லில் பின்தகடு, ஷ்ரௌட், பக்கத்தகடு எல்லாமே 'எஞ்சின் கவர்' என்று ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. அங்கேதான் தப்பு. காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் பாடமே எதை எந்தத் தலைப்பில் போடுவது என்பதுதான். நான் விலையைச் சரியாகப் போட்டேன், தலைப்பைத் தப்பாகப் போட்டேன்.

அதற்குப் பிறகு உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஹாஸ்டல் மெக்கானிக்கல் கோஷ்டியையும் கெஞ்சிக் கேட்டேன் (இரண்டு பரோட்டா செலவு). இனி என் கருத்து.

ஃபைபரில் இருக்கும் கண்ணாடி இழைக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை. அதைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின்தான் பலவீனம். போட்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடிக்கிற சாதாரண பாலியஸ்டர் ரெசின் 100 டிகிரியை எட்டும் முன்பே விறைப்பை இழக்க ஆரம்பிக்கிறது. வினைல் எஸ்டர் மாதிரி ரெசின்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். காற்றுக் குளிர்ப்பு எஞ்சினின் ஹெட் சாதாரண ஓட்டத்திலேயே 180, 200 டிகிரிக்குப் போகும். எக்ஸாஸ்ட் குழாய் அதைவிடப் பல மடங்கு. எனவே சூட்டு அறைப் பக்கம் இருக்கும் எதற்கும் ஃபைபர் கூடாது. பின்தகடு, சிலிண்டருக்குக் கீழே வரும் தகடுகள், ஹீட்டர் கூடு, ஆயில் கூலரைத் தாண்டி வரும் காற்று வெளியேறும் வழி, எல்லாம் இரும்புத் தகடுதான். இதில் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் "பாத்தியா, ஃபைபரே வேஸ்ட்டு" என்று முடிவு கட்டும் ஒரிஜினல் பக்தர்களோடும் நான் ஒத்துப்போகவில்லை. ஷ்ரௌட் இருப்பது குளிர்ந்த அறையில். அதற்குள் ஓடுவது வெளிக்காற்று. எஞ்சின் ஓடும்வரை அது கொதிக்க வாய்ப்பில்லை. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. போர்ஷே 911 இருக்கிறதே, அதுவும் காற்றுக் குளிர்ப்புதான், 1998 வரை. அந்த எஞ்சினில் ஃபேனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றைப் பங்கிடும் மேல்கூடு கம்பெனியிலேயே ஃபைபரில் வந்தது. 1967 மாடல் 911 எஸ் படத்தைத் தேடிப் பாருங்கள், எஞ்சின் மேலே சிவப்பாகத் தெரிவதே அதுதான். அதே எஞ்சினில் ஃபேன் கூடு உலோக வார்ப்பு, எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருப்பதெல்லாம் இரும்புத் தகடு. எந்தச் சுவர் எந்த அறையைப் பார்க்கிறது என்று பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"தகரம்னா சூட்டை வெளியே கடத்தும், ஃபைபர் உள்ளேயே வெச்சிருக்கும்" என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். கேட்க நியாயமாக இருக்கும். இரும்பு ஃபைபரைவிட நூறு மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்துகிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஷ்ரௌடின் வேலை சூட்டைக் கடத்துவது இல்லை, காற்றை வழி நடத்துவது. உள்ளே போகும் காற்று குளிர்ச்சியாகவே இருக்க வேண்டிய இடத்தில் சூட்டைக் கடத்தாத சுவர் நல்லதுதானே?

வடிவம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொருளைவிட அது முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். பீட்டிலின் பழைய ஷ்ரௌடுக்குள்ளேயே ஆயில் கூலர் நின்றுகொண்டிருக்கும். அது மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தது, கூலரைத் தாண்டிச் சூடான காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குக் கிடைத்தது. 1971 மாடலில் கூலரைத் தனியே பின்னால் தள்ளி ஒரு சின்னக் கூடு கட்டினார்கள். அதற்கு 'நாய் வீடு' என்று பட்டப்பெயர் :-). இத்தனைக்கும் அந்தப் பழைய ஷ்ரௌட் ஒரிஜினல் ஜெர்மன் தகரம். தகரம் என்பதால் அந்தச் சிலிண்டர் பிழைத்துவிடவில்லை. இதை வெட்டி அகலப்படுத்தி வெல்டு வைக்கும்போது உள்ளே காற்றைத் திருப்பும் தடுப்புகள் எங்கே போகும், எந்தச் சிலிண்டருக்கு எவ்வளவு போகும் என்று யார் அளந்து பார்க்கிறார்கள்? இந்த எஞ்சினுக்கென்றே யோசித்து அச்சு எடுத்த ஃபைபர் ஷ்ரௌட் அந்த இடத்தில் நிச்சயம் மேல். யோசித்து எடுத்தது என்ற வார்த்தையைக் கவனிக்கவும். வேறொருவர் ஷ்ரௌடைக் காப்பி அடித்து எடுத்த அச்சும் உலகத்தில் உண்டு.

எடை குறையும் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். கணக்கு போட்டேன். 1 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டர் ஏழே முக்கால் கிலோ சொச்சம். ஃபைபரில் அதே விறைப்புக்கு 3 மி.மீ. போட வேண்டும், அது ஐந்து கிலோ கிட்டே வரும். மிச்சம் 3 கிலோ. ஷ்ரௌட் ஒரு சதுர மீட்டர்கூட இருக்காது. டைப் 4 எஞ்சினே பழைய எஞ்சினைவிடக் கனம். அதை ஏற்றிவிட்டு மூடியில் இரண்டு கிலோ மிச்சம் பிடிப்பது பிரியாணி சாப்பிட்டுவிட்டு டயட் கோக் கேட்பது மாதிரி.

சரி, நம்ம சப்ஜெக்ட்டுக்கு வருவோம். விலை. ஃபைபர் மலிவு என்கிறார்கள், தகரம் மலிவு என்கிறார்கள், இரண்டும் உண்மை. தகரத்தை அச்சில் அழுத்த ஒரு டை வேண்டும். சும்மா ஒரு கற்பனைக் கணக்கு: டை 10 லட்சம் ரூபாய், அதற்குப் பிறகு ஒரு தகடு அழுத்த 200 ரூபாய். ஃபைபருக்கு மோல்டு 20 ஆயிரம், ஆனால் ஒவ்வொன்றையும் கையால் போட 3,000. நூறு பீஸ் செய்தால் தகரம் ஒன்று 10,200, ஃபைபர் 3,200. பத்து லட்சம் பீஸ் செய்தால் தகரம் ஒன்று 201 ரூபாய், ஃபைபர் 3,000க்குக் கீழே இறங்கவே இறங்காது. இந்தக் கணக்கில் 350 பீஸில் இரண்டும் சமம். பீட்டில் 2003 ஜூலையில் மெக்ஸிகோவில் கடைசி வண்டி வெளிவரும் வரை 2 கோடியே 15 லட்சம் செய்தார்கள். அவர்கள் தகரம் போட்டது தகரம் உயர்ந்தது என்பதால் மட்டும் இல்லை, அந்த எண்ணிக்கைக்குத் தகரம்தான் மலிவு. டைப் 4 மாற்றம் செய்பவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கைப்பிடிதான். அவர்களுக்காக யார் டை போடுவார்கள்? ஆக ஃபைபர் வருகிறது. 1953ல் முதல் கார்வெட் ஃபைபர் பாடியோடு வந்தபோது அந்த வருடம் செய்தது மொத்தமே 300. நம்ம பெங்களூரில் வந்த சிபானி டால்பினும் ஃபைபர்தான், அதுவும் சின்ன எண்ணிக்கைக் கம்பெனி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையில் இருக்கும் விலைச் சீட்டு அந்தப் பொருள் எத்தனை பேருக்கு விற்கிறது என்பதைத்தான் சொல்கிறது. உங்கள் எஞ்சினில் அது எத்தனை நாள் தாங்கும் என்பதைச் சொல்லவே சொல்லாது. நான் விலைச் சீட்டை வைத்துத் தரத்தைக் கணக்கு போட்டேன். கூலியில் பூஜ்யம் போட்டதும் தப்பு. அண்ணனின் நான்கு ஞாயிற்றுக்கிழமை எந்த வரிசையிலும் இல்லை. அண்ணியிடம் கேட்டிருந்தால் அவர் சரியான தொகை சொல்லியிருப்பார்.

கெட்டுப்போகும் விதமும் விலையில் சேர வேண்டும். தகரம் துருப்பிடிக்கும், போல்ட் ஓட்டையில் விரியும், தளர்ந்தால் தடதடவென்று கத்தும். கத்துவது நல்லது, வண்டியை நிறுத்திப் பார்ப்போம். வளைந்தால் டிங்கரிங் கடையில் தட்டி நிமிர்த்திவிடலாம். ஃபைபர் சத்தம் போடாது. மெதுவாக வளைந்து, இடைவெளி விட்டு, காற்று கசிந்து, ஒரு சிலிண்டர் மட்டும் அதிகமாகக் காயும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் பீட்டில் டேஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்ட முள்ளே கிடையாது. எஞ்சினை நிறுத்தியதும் இன்னொரு கூத்து. ஃபேன் நின்றுவிடும், சூடு மட்டும் மேலே ஏறும். நாள் முழுக்கக் குளிர்ந்த அறையில் இருந்த ஷ்ரௌடுக்கு அந்த அரை மணி நேரம்தான் சோதனை. அதனால்தான் ஃபைபர் ஷ்ரௌடிலும் எந்த ரெசின் என்று கேட்டு வாங்க வேண்டும். சொல்லத் தெரியாத ஆளிடம் வாங்கக் கூடாது.

இன்னொன்று பெரியப்பா சொன்னது. மெக்கானிக்கல் கோஷ்டிகூட இதைச் சொல்லவில்லை. ஊருக்குப் போனபோது அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "போட்டுல எஞ்சின எங்கயாவது வெறும் ஃபைபர்ல முடுக்கிப் பாத்திருக்கியாடா? உள்ள கட்டை வெச்சித்தான முடுக்குவோம். சைலன்சர ஃபைபர் மேல படுக்க வெப்போமா? இது கூடத் தெரியாம என்ன படிச்சான் அவன்?" நான் என்ன படித்தேன் என்று அவர் கேட்கவில்லை, தப்பித்தேன்.

அவர் சொன்னது ஷ்ரௌடுக்கு அப்படியே பொருந்துகிறது. ஃபேன் கிராங்கைவிட வேகமாகச் சுற்றுகிறது. அது உட்காரும் தட்டு, ஆல்டர்னேட்டர் ஸ்டாண்டு, போல்ட் முடுக்கும் இடம் ஒவ்வொன்றிலும் உலோகம் இருக்க வேண்டும். வெறும் ஃபைபரில் முடுக்கினால் போல்ட்டுக்கு அடியில் ரெசின் நசுங்கி இறுக்கம் விட்டுப்போகும், அப்புறம் ஃபேன் போய்க் கூட்டில் உரசும். ஓட்டைக்குள் உலோகப் புஷ், மேலே அகல வாஷர். ஷ்ரௌடில் ஏதாவது மின்சாதனம் மாட்டினால் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும், தகரத்தில் அது சும்மா கிடைத்தது, ஃபைபரில் கிடைக்காது.

ஒரு சந்தேகம் வரும், இங்கே நம்ம ஊரில் இப்படி எஞ்சின் மாற்றலாமா என்று. கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைக்கும் புகைச் சோதனை கிடையாது, அதனால் அண்ணனுக்கு அந்தத் தலைவலி இல்லை. இங்கே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2021ல் வந்த விண்டேஜ் வண்டி விதியும் 50 வருடம் தாண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்கும் வண்டிக்குத்தான். எஞ்சினில் கை வைக்கும் முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மாமா பையன் மெக்கானிக் சொன்னான் என்பதெல்லாம் செல்லாது.

இப்போதைய நிலவரம். ஷ்ரௌட் ஃபைபர்தான், அதை மாற்ற நான் சொல்லவில்லை. போல்ட் ஓட்டைகளில் எல்லாம் புஷ் போட்டாகிவிட்டது. பின்தகடும் பக்கத்தகடுகளும் இரும்பு, ரப்பர் பட்டை புதுசு. மிச்சப் பணத்தில் சிலிண்டர் ஹெட் சூடு காட்டும் மீட்டர் ஒன்று வாங்க வைத்தேன். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது அண்ணி வாங்கியது, யாரையும் கேட்கவில்லை. பீட்டிலில் பேட்டரி பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சீட் ஸ்பிரிங் அதன் முனைகளில் பட்டால் தீப்பிடிக்கும் என்று எங்கோ படித்துவிட்டு அதற்கும் மூடி போடச் சொன்னேன். போட்டுவிட்டாராம். குழந்தை மறுபடியும் அந்தக் காரில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள். நான் போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வியாக அவளிடம் வாசனை வருதா என்று கேட்கிறேன். "இல்ல சித்தப்பா" என்கிறாள்.

போன வாரம் அண்ணன் அடுத்த கணக்கு கேட்டிருக்கிறார். ஒற்றை கார்புரேட்டரா, இரட்டை கார்புரேட்டரா? இந்தத் தடவை எக்ஸெல்லைத் திறப்பதற்கு முன்னால் அது எங்கே உட்காரும், பக்கத்தில் என்ன இருக்கும் என்று போட்டோ கேட்டிருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பரோட்டா உண்டு.